பி.காம்னு சொல்லு

கெங்கம்மாவுக்கு வஞ்சிரம் வேண்டுமென்றால் அவள் வஞ்சிரத்தைப் பார்க்கவே மாட்டாள். நொச்சிக்குப்பம் மணலில் காலை ஏலம் நடக்கும்போது பக்கத்துக் கூடையில் மலிவாகக் கிடக்கும் கவலை மீனைத்தான் குனிந்து குனிந்து பார்ப்பாள். செவுளைத் தூக்குவாள், மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளிப்பாள், "இன்னா இது, நேத்து மீனா?" என்று சண்டைக்கு நிற்பாள். ஏலக்காரர் தொண்டை கிழிய வஞ்சிரத்தைக் கூவுவார். அம்மாளுக்குக் காதே கேட்காது. கடைசி நேரத்தில், போனால் போகிறதென்று தலையைச் சொறிகிற மாதிரி ஒரு கையைத் தூக்குவாள் பாருங்கள், அடேயப்பா, சினிமாக்காரர்கள் தோற்றுப்போவார்கள். வஞ்சிரம் அவள் கூடைக்கு வந்துவிடும்.

அவள் மட்டுமில்லை, அந்தக் கரையில் மீன் வாங்கி விற்கும் பெண்கள் எல்லோருமே இப்படித்தான். ஆசையைக் காட்டினால் விலை ஏறும். கண்ணும் படும். வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிறவளைவிட அசடு உண்டா? கெங்கம்மா தன் கல்யாணத்தையே இப்படித்தான் முடித்தாள். மாசிலாமணியைப் பிடித்திருந்தது; ஆனால் குப்பம் முழுக்க அவனுடைய அண்ணனைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டு திரிந்தாள். அந்த மனிதர் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் கொஞ்சம் குழப்பமாகத்தான் சிரிப்பார்.

அப்பேர்ப்பட்ட கெங்கம்மாவின் ஒரே மகள் அஸ்வினி பிளஸ் டூ வந்துவிட்டாள். காலாண்டுப் பரீட்சை லீவில் ஒரு மத்தியானம், அப்பா அம்மா இருவரும் சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்து, ஒரு பெரிய தாளைத் தரையில் விரித்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம். அதில் அவர்களுடைய ஹவுசிங் போர்டு பிளாக்கை, மேல்கூரையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்த மாதிரி வரைந்திருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் கட்டில், டிவி, தண்ணீர் டிரம் எல்லாம் இருந்தன. மூன்றாவது மாடியில் நகக்கண் அளவுக்கு ஒரு பொம்பிளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது நானாடி?" என்றாள் கெங்கம்மா.

"நீதாம்மா. இந்த மாதிரி வரையறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு. ஆர்க்கிடெக்சர். வீடு, ஸ்கூல், மார்க்கெட்டு, எதா இருந்தாலும் எப்படிக் கட்டணும்னு வரையற படிப்பு. அஞ்சு வருஷம். அதுக்கு ஒரு நுழைவுத் தேர்வு எழுதணும், அதுல படம் போடச் சொல்லுவாங்க. எனக்கு அதாம்மா வேணும்."

மாசிலாமணி தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். கடலுக்குப் போகிறவன், எதையும் நாலு திசையிலிருந்தும் பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி. "நம்ம வூட்டு பாத்ரூம் கதவு உள்பக்கம் தொறக்குது, நீ வெளிப்பக்கம் போட்டுக்கீற" என்றான்.

"வெளிப்பக்கம் தொறந்தா உள்ள எடம் கெடைக்கும் நைனா. அதான் மாத்திட்டேன்."

மாசிலாமணி மகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். கெங்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சுக்குள் யாரோ தாரை தப்பட்டை அடித்தார்கள். இந்தக் குப்பத்தில் நர்ஸ் உண்டு, போலீஸ் உண்டு, கோர்ட்டில் வேலை பார்க்கிறவன்கூட உண்டு. கட்டடத்தை வரைகிற பெண் ஒருத்தியும் கிடையாது.

"எங்க கீது அந்தக் காலேஜி?"

"கிண்டிம்மா. கிண்டியிலயே கீது" என்றாள் அஸ்வினி, சத்தமாக. "பஸ்ஸுல போய்ட்டு பஸ்ஸுலயே வந்துடலாம். கிண்டிதான்."

பஸ்ஸில் போய்விட்டு வரலாம் என்றதும் கெங்கம்மாவின் சந்தோஷம் இரண்டு மடங்கானது. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "இத பாரு. இந்தப் பேச்சு இந்த நாலு சுவத்தத் தாண்டக் கூடாது. சீட்டு கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு வுடாத. யாரு கேட்டாலும் பி.காம்னு சொல்லு."

"பொய் சொல்லணுமா?"

"பொய் இன்னாடி பொய்? நா கவல மீனப் பாக்கறது பொய்யா? ஆசைப்பட்டத வெளிய சொன்னா அது கைக்கு வராது. என் தலமேல அடிச்சு சத்தியம் பண்ணு."

அஸ்வினி சத்தியம் செய்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சதித் திட்டம் நடந்தது என்றே சொல்ல வேண்டும். முதலில் வரைபலகை. அதற்காகத் தாயும் மகளும் தி.நகருக்குப் போனார்கள். பாண்டி பஜாரில் ஒரு ஸ்டேஷனரி கடை. கல்லாவில் சஃப்வான் என்று ஒரு இளைஞன். பலகை பின்சுவரில் சாய்ந்து நின்றது. கெங்கம்மா உள்ளே நுழைந்ததும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஸ்கூல் பையை எடுத்து ஜிப்பை இழுத்தாள், குறை சொன்னாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். அஸ்வினிக்கு எங்கேயாவது ஓடிவிடலாமா என்று இருந்தது. கெங்கம்மா கிளம்புகிற மாதிரி வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிச் சொன்னாள்:

"அந்தப் பலக இன்னா தம்பி, தூசி புடிச்சுப் போய்க் கெடக்குது?"

"ட்ராயிங் போர்டுக்கா. அவ்வளவா யாரும் கேக்கறதில்ல."

"கேக்காதத வச்சிக்கினு எடத்த அடைச்சிக்கினு கீறியே, பாவம். குடு, நா எடுத்துக்கினு போறேன். வூட்டுல காய் நறுக்க ஆவும்."

அடிமாட்டு விலைக்குப் பலகை வந்துவிட்டது. பஸ்ஸில் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் கண்டக்டர், "இன்னாமா, கதவக் கயட்டிக்கினு வந்துட்டியா?" என்று கேட்டார். "கணக்குப் போட! பொண்ணு பி.காம் படிக்கப் போவுது!" என்றாள் கெங்கம்மா, பஸ் முழுக்கக் கேட்கும்படி. அஸ்வினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் விற்று முடித்து, எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் கைகழுவி, தலைக்குக் குளித்துவிட்டு மகளுடன் மயிலாப்பூருக்குப் போவாள். குளத்தங்கரையில் ஒரு மூலை பார்த்து உட்கார்ந்து அஸ்வினி மாட வீதியை வரைவாள். தெருவின் இரண்டு ஓரமும் தூரத்தில் போய் ஒரு புள்ளியில் சேர்ந்துவிடுவதாக அவள் சொன்னபோது கெங்கம்மா நம்பவில்லை. மகள் பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னாள். பார்த்தாள். சேர்ந்தது! நாற்பது வருஷமாகப் பார்க்கிற தெரு இத்தனை நாள் இதைச் சொல்லவே இல்லையே என்று கெங்கம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். அதற்கப்புறம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். லஸ் முனையில் ஒரு ஆட்டோக்காரன் தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள் என்று நினைத்துப் பயந்துபோனதும் நடந்தது.

மார்கழியில் ஒருநாள், பட்டுப்புடவை கட்டிய ஒரு மாமி கச்சேரிக்குப் போகிற வழியில் நின்று தாளை எட்டிப் பார்த்தாள். "ரொம்ப நன்னா போட்டுண்டிருக்கியே கொழந்தே! எங்காத்துல பாட்டுக்கு ஆள் இருக்கு, படத்துக்குத்தான் இல்லை. என்ன படிக்கப் போறே?"

"பி.காம்!" என்றார்கள் தாயும் மகளும் ஒரே குரலில். மாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்த பி.காம் இருக்கிறதே, அது கெங்கம்மாவின் கையை மீறிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரி தங்கபுஷ்பம் நல்லவள், பிறத்தியாருக்காக ஓடுகிறவள். அவள் சாந்தோம் கோயிலில் அஸ்வினியின் பி.காமுக்காக மெழுகுவத்தி ஏற்றினாள். ஆழ்வார்பேட்டையிலிருந்து வாடிக்கையாக வரும் ஒருவர் வீட்டிலிருந்து கட்டுக்கட்டாகப் பழைய அக்கவுண்டன்சி புத்தகங்களைச் சுமந்துவந்து இறக்கினாள். மாசிலாமணியோடு போட்டில் போகிறவர்கள் "பாப்பா பேங்குல உக்காரப் போவுது" என்று அவன் முதுகில் தட்டினார்கள். புத்தகங்களை என்ன செய்வது? அஸ்வினி அவற்றை இரண்டு அடுக்காக வைத்து, மேலே வரைபலகையைச் சாய்த்துக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, பலகைக்கு நல்ல சாய்வு கிடைத்தது.

பள்ளியிலும் அதே கதைதான். வகுப்பு டீச்சர் அன்புக்கரசி ஒவ்வொரு பெண்ணாக எழுப்பி, "மேல என்ன படிக்கப் போற?" என்று கேட்டபோது அஸ்வினி "பி.காம் மிஸ்" என்றாள். "கணக்குல இவ்வளவு மார்க் எடுக்கற, வேற எதுவும் ஆசை இல்லையா?" என்று டீச்சர் மறுபடி கேட்டார். அம்மாவின் தலைமேல் செய்த சத்தியம். "இல்ல மிஸ்." டீச்சர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை, சாயங்காலம். கெங்கம்மா அடுப்படியில் இருந்தாள். பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வந்த அஸ்வினி, பையைக்கூடக் கழற்றாமல் வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"இன்னாடி? எவ இன்னா சொன்னா? சொல்லுடி!"

விக்கி விக்கிச் சொன்னாள். பள்ளியின் பழைய மாணவி ஒருவர் இருக்கிறாராம், பொன்மணி என்று. ஆர்க்கிடெக்ட். அடையாறில் ஆபீஸ். வருஷா வருஷம் இந்தப் பள்ளியிலிருந்து ஆர்க்கிடெக்சர் ஆசைப்படும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் நுழைவுத் தேர்வுக்கு இலவசமாகச் சொல்லித் தருவாராம். தேர்வுக்குப் பெயர் கொடுப்பது, எந்தெந்தக் காலேஜுக்கு எப்படி எழுதிப் போடுவது, எல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். இந்த வருஷமும் கேட்டிருக்கிறார். "எங்க ஸ்கூல்ல யாருக்கும் அந்த ஆசை இல்லைன்னு சொல்லிட்டேன், வேற ஸ்கூல் பிள்ளைங்கள எடுத்துக்கிட்டாங்க. நாளைக்கு ஆரம்பிக்குதாம்" என்று டீச்சர் இன்று பேச்சுவாக்கில் சொன்னாராம்.

"எழுந்து நிக்கப் பாத்தேன்மா. சொல்லல. சத்தியம் வாங்கினியே. அந்தப் பரீட்சையில என்ன கேப்பாங்கன்னே எனக்கு முழுசா தெரியாதும்மா. வெளிய கிளாஸ் சேரணும்னா நம்மால முடியாது. இத வுட்டா எனக்கு வேற வழியே இல்ல."

கெங்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மகளுக்குக் கிடைக்க வேண்டியது வீடு தேடி வந்திருக்கிறது, இவள் வாயை அடைத்து வைத்ததால் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. யாரைத் திட்டுவது? அவளுக்குத் திட்டத் தெரிந்த அத்தனை வார்த்தையும் தொண்டைவரை வந்தது, திட்டத்தான் ஆள் இல்லை. தன்னையே திட்டிக்கொண்டாள், நல்ல சென்னை பாஷையில், அச்சில் ஏற்ற முடியாதபடி. பிறகு முந்தானையால் மகள் முகத்தைத் துடைத்தாள்.

"டீச்சருக்குப் போன் போடு."

அன்புக்கரசி டீச்சர் கேட்டுவிட்டு முதலில் கத்தினார். "ஏன்டி, எத்தனை தடவை கேட்டேன்! வாயில என்ன வச்சிருந்தே?" அப்புறம் குரல் இறங்கியது. "நான் பேசறதைவிட நீங்க நேர்ல போங்க. காலையில கிளாஸ். அட்ரஸ் அனுப்பறேன். எடம் இருக்குமான்னு சொல்ல முடியாது."

ஞாயிற்றுக்கிழமை காலை! மீன் விற்கிற எவளையாவது கேட்டுப் பாருங்கள், உயிரே போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையை விட்டு எழ மாட்டாள். கார்கள் வரிசையாக வந்து நிற்கிற நேரத்தில் கெங்கம்மா எழுந்தாள். தங்கபுஷ்பத்திடம் போய் நின்றாள்.

"புஷ்பம், கடையப் பாத்துக்கோ. அடையாறு வரைக்கும் போவணும். அப்பாலிக்கா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாத. அஸ்வினிக்கு பி.காம் இல்ல."

தங்கபுஷ்பம் ஒரு சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. "தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீ ஊரக் கூட்டி பி.காம் பி.காம்னு கத்தினியே, அப்பவே தெரியும் அது இல்லன்னு. நா இன்னா இந்தக் கரையில பொறக்கலியா? எது இல்லன்னு தெரியும், எதுன்னுதான் தெரியல. அதான் மாதாகிட்ட 'அந்தப் பொண்ணு மனசுல இன்னா கீதோ அத குடுத்துடு'ன்னு பொதுவா வேண்டிக்கினேன்."

"அப்ப அந்த புக்கெல்லாம்?"

"எடைக்குப் போட வச்சிருந்தாங்க. நீ எவ்ளோ தூரம் நடிக்கிறன்னு பாக்கலாம்னு தூக்கியாந்தேன்." இப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் சிரிப்பு. விஷயம் முழுவதையும் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "அடிப்பாவி! எங்கிட்ட கவல மீன் காட்டு, எனக்குப் புரியும். டீச்சரம்மாவுக்கு எப்படிப் புரியும்? அவங்களுக்குச் சொன்னா சொன்னதுதான். போ, ஓடு! கடைய நா பாத்துக்கறேன்."

ஷேர் ஆட்டோ அடையாறு பாலத்தைத் தாண்டும்போதும் அந்த வார்த்தைதான் கெங்கம்மாவின் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. சொன்னா சொன்னதுதான். கரையில் இவள் பொய்யாகப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் ஏலம் நடக்கிறது. கரையைத் தாண்டினால் அந்த ஆட்டம் யாருக்கும் தெரியாது. இது ஏன் தனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை என்று நினைத்து அவள் ஆட்டோக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் பதறி நகர்ந்து உட்கார்ந்தார்.

காந்தி நகரில் வேப்பமரம் வைத்த ஒரு வீடு. மாடியில் ஆபீஸ். ஏழெட்டுப் பெண்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு நின்ற பெண்மணிதான் பொன்மணி என்று பார்த்ததுமே தெரிந்தது. "அன்புக்கரசி மிஸ் அட்ரஸ் குடுத்தாங்க" என்றாள், வரைபலகையைத் தூக்கிக்கொண்டு நின்ற அஸ்வினி. "சொல்லுங்கம்மா" என்றாள் பொன்மணி.

கெங்கம்மா வாயைத் திறந்தாள். பாழாய்ப்போன பழக்கம்! "இந்த வூடு யாரு கட்டினது? ஜன்னல் பெருசா கீதே, மழைத் தண்ணி உள்ள வராதா?" என்று கேட்டாள்.

"வராதும்மா, மேல தடுப்பு இருக்கு. நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"தொட்டியில இன்னா செடி?"

அஸ்வினி பின்னாலிருந்து அம்மாவின் இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைத்தாள். கெங்கம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. வஞ்சிரத்தை நேராகப் பார்த்து, விரலை நீட்டி, எனக்கு அது வேண்டும் என்று வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எம் பொண்ணுக்கு ஆர்க்கிடெக்சர் வேணும்! வேற எதுவும் வாணாம். அதான் வேணும். உங்க கிளாஸுல எடம் வேணும்!"

தேவைக்கு அதிகமாகவே சத்தம் போட்டுவிட்டாள். மேசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். கெங்கம்மா கண்ணைத் திறந்து, விலை ஏறுவதற்காகக் காத்திருந்தாள்.

"அன்புக்கரசி மிஸ்கிட்ட கேட்டேனே, யாருமே இல்லன்னாங்களே?"

"நா தாம்மா சொல்ல வாணாம்னேன். ஆசையக் காட்டினா கைக்கு வராதுன்னு பி.காம்னு சொல்ல வச்சேன். தப்பு எம்மேல. அதுமேல இல்ல."

பொன்மணி அஸ்வினியிடம் கையை நீட்டி, சுருட்டி வைத்திருந்த தாள்களை வாங்கினாள். மாட வீதி, குளம், லஸ் முனை. கடைசியாகக் கூரையைக் கழற்றிய ஹவுசிங் போர்டு. அதை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். "பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்குதே?"

"உள்ள எடம் கெடைக்கும்னு மாத்திட்டேன் மேடம்."

"நாற்காலி காலி இல்லையே" என்றாள் பொன்மணி. கெங்கம்மாவின் உயிர் ஒரு தடவை போய்த் திரும்பியது. "ஆனா நீ போர்டு கொண்டுவந்திருக்கே. தரையில உக்காருவியா?"

அந்தக் கேள்வி முடிவதற்குள் அஸ்வினி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கெங்கம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். பிறகு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சிரித்தாள். வேப்பமரத்தில் ஒரு அணில் ஓடியது. அதையும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

கதவு திறந்தே இருந்ததால் உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது. வெளிச்சம், நிழல், என்னென்னவோ சொல்லித் தந்தார்கள். பென்சில்கள் பரபரவென்று ஓடின. கிளாஸ் முடிகிற நேரத்தில் பொன்மணி சொன்னாள்: "இனிமே எந்தக் காலேஜுக்கு எப்ப எழுதிப் போடணும்னு திட்டம் போடணும். உங்க மனசுல முதல்ல இருக்கற காலேஜ் எதுன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க. மார்க் வருமா, வீட்டுல விடுவாங்களான்னு இப்ப யோசிக்காதீங்க. ஒவ்வொரு காலேஜுக்கும் வேற வேற வழி, வேற வேற கடைசித் தேதி. தெரிஞ்சாதான் நான் வழி சொல்ல முடியும்."

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். அஸ்வினியின் முறை வந்தது.

"கிண்டி மேடம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, இன்னும் சத்தமாக, "கிண்டி. கிண்டிதான்."

படியில் உட்கார்ந்திருந்த கெங்கம்மா நிமிர்ந்தாள். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். தினமும் விடியற்காலையில் மணலில் கேட்கிற சத்தம், அவளே போடுகிற சத்தம். முதல்நாள் வீட்டில் தாளை விரித்தபோதும் இதே கிண்டியை இதே மாதிரிதான் சொன்னாள். சந்தோஷத்தில் காதில் விழாமல் போயிருக்கிறது. யாருக்கு ஒளிக்கிறாள் இந்தப் பெண்? டீச்சருக்கா? மேடத்துக்கா? கெங்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு நாளும் ஏலம் தன்னோடுதான் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

பேசாமல் இருந்துவிடலாம். கிண்டி நல்ல காலேஜ். பஸ்ஸில் போய், பஸ்ஸில் வருவாள். ராத்திரி தட்டில் சோறு போடலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கெங்கம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கதவருகே போனாள்.

"ஏய் அஸ்வினி. கவல மீனப் பாக்காதடி. வஞ்சிரத்தச் சொல்லு."

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அஸ்வினிக்கு முகம் சிவந்தது. குனிந்தாள், பென்சிலை உருட்டினாள், அம்மாவைப் பார்த்தாள்.

"டெல்லி" என்றாள், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

"இன்னொரு தபா சொல்லு. ஒரக்க சொல்லு."

"டெல்லிம்மா. அங்க ஒரு காலேஜ் கீது. படத்துல பாத்தேன். எட்டாவதுலேர்ந்து அதான். நீ அழுவியேன்னுதான்..."

"எவ்ளோ தூரம்?"

"ஒண்ணர நாள் ரயில்ல."

"அஞ்சு வருஷமும் அங்கயேவா?"

"லீவுக்கு வருவேன்."

கெங்கம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். விலை இப்போது ஏறியது. அவள் பயந்த மாதிரியேதான் ஏறியது, ஆனால் கேட்கிறவள் மகள், கொடுக்க வேண்டியவள் இவள். கண்ணில் தண்ணீர் வந்தது; கூடவே முதல்நாள் நெஞ்சில் அடித்த தாரை தப்பட்டையும் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. டெல்லி! நொச்சிக்குப்பத்துப் பெண்! தான் பெற்ற பெண் எவ்வளவு பெரிய மீனை மனசுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தன்னையே ஏமாற்றிவிட்டாள்!

"மேடம், டெல்லின்னு எழுதுங்க. மொதல்ல அத எழுதுங்க" என்றாள். "கிண்டிய கீழ போடுங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் வாய் ஓயவில்லை. குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும், தி.நகரில் இப்போதே பார்த்து வைக்க வேண்டும். அங்கே கடல் மீன் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் கருவாடு எத்தனை நாள் தாங்கும்? இந்தி யார் சொல்லித் தருவார்கள்? நைனாவிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும், சாப்பிட்ட பிறகு, மெதுவாக. "இன்னும் பரீட்சையே எழுதலம்மா" என்று அஸ்வினி சிரித்தாள். "எழுதுவடி. எழுதாம எங்க போற?" என்றாள் கெங்கம்மா, அவள் கையை விடாமல்.

மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. தங்கபுஷ்பம் இரண்டு கடைக்கும் நடுவில் நின்று வியர்க்க விறுவிறுக்க விற்றுக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னா ஆச்சு? எடம் கெடச்சுதா? இன்னா படிப்பு, எந்த காலேஜி? இப்பனாச்சும் சொல்லித் தொலையேன்!"

சுற்றியிருந்த கடைக்காரிகள் எல்லோரும் திரும்பினார்கள். கெங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். மூச்சை இழுத்தாள். மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி, ஏலக்காரரே திரும்பிப் பார்க்கும்படி கூவினாள்.

"ஆர்க்கிடெக்சர்! டெல்லி!"

ஒருத்தியும் நம்பவில்லை. "அப்ப அதுவும் இல்லியா?" என்று கருவாட்டுக் கடைக்காரி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். தங்கபுஷ்பம் மட்டும் கெங்கம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஈரமாக இருந்த கண்ணைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"டெல்லியா? அம்மாந்தூரமா கெங்கா?"

"ஆமா, வெல ஜாஸ்திதான்" என்றாள் கெங்கம்மா, தன் கடைப் பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டே. "மீனு அப்படி."